எழுந்து நடக்கும் உரிமை: அலுவலக நாளும் அசையாத உடலும்

தொழிலாளரின் நோய்கள் பற்றித் தாம் 1700இல் வெளியிட்ட நூலை, இத்தாலிய மருத்துவப் பேராசிரியர் பெர்னார்தினோ ரமாத்சினி 1713இல் விரித்து மறுபதிப்புச் செய்தபோது, எழுத்தர்களுக்கெனத் தனி அத்தியாயம் ஒன்றைச் சேர்த்து, அவர்களைப் பீடிக்கும் நோய்களுக்கு மூன்று காரணங்களைக் குறிப்பிட்டார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது முதலாவது. கை ஒரே போக்கில் இடைவிடாது இயங்குவது இரண்டாவது. எழுத்திலும் கணக்கிலும் பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்னும் மனப்பதற்றம் மூன்றாவது. இறகுப் பேனாவின் இடத்தைத் தட்டச்சுப் பொறியும் அதன் இடத்தைக் கணினியும் பிடித்துக்கொண்ட பின்னரும், அந்த மூன்று காரணங்களும் அவர் எழுதிய வரிசையிலேயே இன்றைய அலுவலகத்தில் நிலைத்திருக்கின்றன. உடலின் அசைவின்மையையும் மனத்தின் பதற்றத்தையும் அவர் அருகருகே வைத்துப் பார்த்தது மிகுந்த கூர்மையுடைய செயல். பின்வந்த ஆராய்ச்சி இவ்விரண்டையும் வெவ்வேறு துறைகளாகப் பிரித்துக்கொண்டதால், இரண்டும் ஒரே உடலில், ஒரே வேலை நாளில், ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்ற உண்மை பல வேளைகளில் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இவ்வுரை முன்வைக்கும் கருத்து ஒன்றே. வேலை நாளின் நடுவே நிகழும் சிறுசிறு அசைவுகள் உடலுக்கும் உள்ளத்துக்கும் செய்யும் நன்மை பெரிது. அந்த நன்மையைத் தனியாளின் மனவுறுதியிடம் ஒப்படைத்துவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளலாகாது. அது வேலையின் அமைப்புக்குள்ளேயே இடம்பெற வேண்டும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். விழித்திருக்கும் வேளையில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட் அளவுக்கு மிகாமல் ஆற்றலைச் செலவிடும் நிலையையே ஆய்வாளர்கள் அமர்நிலை நடத்தை என்கின்றனர். மெட் என்பது, ஓய்வாக அமர்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலை ஓர் அலகாகக் கொள்ளும் அளவை. உடலெடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது அதன் மதிப்பு. விரைந்து நடப்பவர் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் செலவிடுகிறார். உடற்பயிற்சி செய்யாமலிருப்பதும் அமர்நிலையில் இருப்பதும் ஒன்றல்ல என்பது இவ்வரையறையிலிருந்து விளங்கும்: விடியற்காலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பின்னர் ஒன்பது மணி நேரம் நாற்காலியை விட்டு எழாதவர், உடற்பயிற்சி உடையவராகவும் அமர்நிலை வாழ்க்கையர் ஆகவும் ஒருசேர இருக்கிறார்.

அசைவின் பயனுக்கு உறுதியான சான்று, லண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளிலிருந்து கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரிட்டனின் நடுத்தர வயது ஆண்களிடையே மாரடைப்பு பெருகி வந்தது. அதன் காரணம் தெளிவாகப் புலப்படவில்லை. போர்க்காலத்தில் இந்தியாவில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றித் தாயகம் திரும்பியிருந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் நோய்ப்பரவியல் அறிஞர், தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டா என்று தேடியபோது, பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். இதனினும் பொருத்தமான ஒப்பீடு அமைவது அரிது. நிறுவனம் ஒன்று, வண்டி ஒன்று, பணிநேரம் ஒன்று, குடும்பப் பின்னணியும் ஏறக்குறைய ஒன்று. ஆயினும் ஓட்டுநர் பணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை இருக்கையிலேயே கழிக்க, நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக மேல்தளத்துக்கு ஏறியும் இறங்கியும் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகளைக் கடந்தார். 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களைப் பற்றிய அந்த ஆய்வு 1953இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நடத்துநர்களிடையே இதயத் தமனி நோய், அதாவது இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் அடைபடும் நோய், ஓட்டுநர்களிடையே இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. நோய் வந்த நடத்துநர்களுக்கும் அது திடீர் மரணமாக வருவதைவிட, நெஞ்சுவலி போன்ற கடுமை குறைந்த வடிவில் தொடங்குவதே மிகுதியாக இருந்தது.

எந்த நல்ல ஆய்வையும் போல இதுவும் மறுப்புகளைச் சந்தித்தது. பருத்த உடலினர் ஓட்டுநர் வேலையையும் ஒல்லியானவர் நடத்துநர் வேலையையும் தேடிக்கொண்டிருக்கலாமே என்ற ஐயத்துக்கு விடை காண, மாரிஸ் குழுவினர் ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டையே ஆராய்ந்து 1956இல் வெளியிட்டனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. ஆனால் ஒல்லியான நடத்துநரை ஒல்லியான ஓட்டுநருடனும் பருத்தவரைப் பருத்தவருடனும் ஒப்பிட்ட பின்னும் நடத்துநருக்கான பாதுகாப்பு மறையவில்லை. நெரிசல் மிகுந்த சாலையில் வண்டி ஓட்டும் பதற்றம்தானே ஓட்டுநரின் இதயத்தைத் தாக்கியிருக்கும் என்பது அடுத்த வினா. இதற்கு அஞ்சல் துறை உதவியது: நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசேர்த்த அஞ்சல்காரர்களைவிட, மேசையில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தர்களும் தொலைபேசி இணைப்பாளர்களும் அதே நோய்க்கு மிகுதியாக ஆளாயினர். பதற்றம் என்னும் வினா இத்துடன் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை, தீர வேண்டியதுமில்லை. இன்றைய அலுவலக ஊழியர் அந்த ஓட்டுநரைப் போலவே அசைவின்மையையும் பதற்றத்தையும் ஒருசேரச் சுமப்பவர்.

இந்த ஆய்வில் பலரும் கவனியாமல் கடந்து செல்லும் ஒரு கூறுதான் மிக முக்கியமானது. லண்டன் நடத்துநர் உடற்பயிற்சி செய்யவில்லை. உடல்நலம் பேண வேண்டும் என்று அவர் தீர்மானம் எடுக்கவில்லை, காலணி வாங்கவில்லை, காசு கட்டவில்லை. வேலை அவரைப் படியேற வைத்தது, படியேற்றம் அவரைக் காத்தது. மனவுறுதி ஒரு துளியும் தேவைப்படாத பாதுகாப்பு அது.

அசையாத உடலுக்குள் நிகழ்வது என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. உட்கார்ந்தவுடன் அவை ஏறக்குறைய முழு ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. உணவுக்குப் பின் குருதியில் கலக்கும் சர்க்கரையை உள்வாங்கும் முதன்மையான இடம் தசையே. சுருங்கி விரியும் தசைக்கு ஒரு சிறப்பு உண்டு: சர்க்கரையை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் கடத்திப் புரதங்களை, இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமல், அதுவே தன் மேற்பரப்புக்கு அழைத்துக்கொள்கிறது. ஆகவே இன்சுலின் சரிவரச் செயல்படாத உடலிலும் நடை பயன் தருகிறது. தசையின் நுண்குழாய்ச் சுவர்களில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதி உள்ளது; குருதியில் மிதக்கும் கொழுப்பைப் பிரித்துத் தசைக்கு எரிபொருளாக்கித் தருவது இதன் பணி. தசை நெடுநேரம் செயலற்றுக் கிடந்தால் இந்நொதியின் செயல்பாடு தாழ்கிறது. மதிய உணவு முடிந்த கையோடு நாற்காலிக்குத் திரும்புவது, சர்க்கரையும் கொழுப்பும் குருதியில் ஏறிவரும் அதே வேளையில் அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டிய தசைகளை உறங்கவைப்பதற்கு ஒப்பாகும்.

குருதிக் குழாய்களின் நிலையும் இவ்வாறே. கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கும் குருதியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அந்த உந்துதல் இல்லாதபோது ஓட்டம் மந்தமாகி, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. குருதி விரைந்தோடும்போது குழாயின் உட்சுவரில் ஏற்படும் உராய்வுதான் அச்சுவரை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தவர்களின் தொடைத் தமனி விரியும் திறன் குறைவதையும், மணிக்கு ஐந்து நிமிடம் மெல்ல நடந்தவர்களிடம் அக்குறைவு ஏற்படாததையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்கோ பெரும்பகுதியில் குருதிக் குழாயே இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறி வரும் ஊட்டத்தை நம்பியே அவை வாழ்கின்றன, அந்த ஊட்டம் உள்ளும் புறமும் செல்ல உடலின் அசைவு துணைசெய்கிறது.

எவ்வளவு அசைவு போதும் என்னும் வினாவுக்கு வந்த விடைகள் ஊக்கமூட்டுபவை. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டனும் உடனாய்வாளர்களும் எடைமிகுந்த நடுத்தர வயதினர் 19 பேரை, சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பானத்தைப் பருகவைத்து ஐந்து மணி நேரம் அமரச் செய்தனர். ஒரு நாள் இடையீடின்றியும், மற்ற நாள்களில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் நடக்கவைத்தும் குருதிச் சர்க்கரையை அளந்தனர். மெதுவான நடையே சர்க்கரை ஏற்றத்தை ஏறத்தாழ 24 சதவீதம் குறைத்தது. சற்று விரைந்த நடை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. 2012இல் வெளிவந்த இந்த ஆய்வில் பங்கேற்றோர் சிலரே என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் இதைத் தொடர்ந்து வேறிடங்களில் நடந்த ஆய்வுகளும் இதே திசையையே சுட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைப்பதோடு, ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நீக்கிவிட்டது. இரண்டு மாடி ஏறும் சிறுபொழுதும் இனிக் கணக்கில் சேரும்.

இதனால் முறையான நடைப்பயிற்சி தேவையற்றது என்று கொள்ளலாகாது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஆய்வு, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உடலியக்கம் உடையவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர்வதோடு தொடர்புடைய கூடுதல் இறப்பு அபாயம் காணப்படவில்லை என்று அறிந்தது. ஆனால் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வந்து, இரவு வீடு திரும்பி அடுப்படியில் நுழையும் ஒரு பெண் ஊழியருக்கு அந்த 75 நிமிடம் எங்கிருந்து கிடைக்கும் என்ற வினாவுக்கு அவ்வாய்வு விடை தராது. வேலை நேரத்துக்குள்ளேயே அசைவைத் தேட வேண்டியிருப்பதன் நியாயம் இங்குதான் உள்ளது.

மன அழுத்தத்தின் பக்கம் திரும்பினால் இந்த நியாயம் இன்னும் வலுப்பெறுகிறது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், 1915இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் எழும்போது உடல் மோதவோ ஓடவோ ஆயத்தமாவதை விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைக் குருதியில் விடுகிறது. இந்த ஆயத்தம் முழுவதும் தசைகளை நோக்கியது. மேலதிகாரியின் கடுமையான மின்னஞ்சலைப் படிக்கும் ஊழியரின் உடலும் இதே ஆயத்தத்தில் இறங்குகிறது. ஆனால் அவர் மோதவும் முடியாது, ஓடவும் முடியாது, திரையைப் பார்த்தபடி அமர்ந்தே இருக்க வேண்டும். தசைக்கென விடுவிக்கப்பட்ட எரிபொருள் எரியாமல் குருதியில் சுற்றுகிறது. அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் என்னும் சுரப்பும் சேர்ந்துகொண்டு சர்க்கரையை உயர்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. அத்தகைய தருணத்தில் எழுந்து தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் நடப்பவர், உடல் எதற்காக ஆயத்தமானதோ அதைத்தான் அதற்குச் செய்யக் கொடுக்கிறார்.

கழுத்தும் தோளும் இதற்கு மற்றொரு சான்று. மனம் இறுகும்போது, கையால் எந்தச் சுமையையும் தூக்காத நிலையிலும், பிடரியிலிருந்து தோள் வரை பரவிய சரிவகத் தசையில் மெல்லிய இறுக்கம் ஏற்படுவதைத் தசை மின்பதிவுக் கருவிகள் காட்டுகின்றன. ஒரு தசையின் இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. சிறிய இழைகள் முதலில் வேலையைத் தொடங்கி, தசை முழுதும் தளரும் வரை ஓய்வு பெறாமல் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கோரான் ஹேக் 1991இல் இவற்றுக்கு, விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் பின் படுக்கச் செல்லும் சிண்ட்ரெல்லாவின் பெயரை இட்டார். சுமை சிறிதாக இருப்பதால் வலி உடனே தெரிவதில்லை, இடைவெளியே கிடைக்காததால் அவ்விழைகள் நைந்துபோகின்றன என்பது அவருடைய கருதுகோள். நாற்காலி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த இழைகளுக்கு ஓய்வு தராது. தோளை உயர்த்தித் தாழ்த்துவதும், கையை வீசி நடப்பதும், திரையை விட்டுக் கண்ணை எடுப்பதுமே தரும்.

சிந்தனைக்கும் நடை உதவுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒபெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், நடந்தவர்கள் புதிய எண்ணங்களை உருவாக்குவதில் அமர்ந்திருந்தவர்களைவிடத் தெளிவாக முன்னின்றனர். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் இந்தப் பயன் கிடைத்தது. ஒரே சரியான விடையைத் தேடும் பணியில் இப்பயன் காணப்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

அமர்வது தீது என்று கேட்டவுடன், நின்றுகொண்டே வேலை செய்யும் உயர்மேசைகளை வாங்கிப் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. இதை அவசர முடிவு என்றே சொல்ல வேண்டும். நிற்பதால் செலவாகும் கூடுதல் ஆற்றல் மிகச் சொற்பம். நெடுநேரம் நிற்பதோ வெரிகோஸ் வெயின் எனப்படும் கால் சிரைப் புடைப்பையும் இடுப்பு வலியையும் தருகிறது. தமிழ்நாட்டுக்கு இதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை, வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் சுவரில் சாயக்கூட அனுமதியின்றி நின்ற பெண்களின் துன்பத்தை முன்னிட்டே, கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கின. கேரளத் திருத்தத்துக்குப் பின்னால் கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் ஆண்டுக்கணக்கான போராட்டம் இருந்தது. நிற்கவைக்கப்பட்ட விற்பனைப் பெண்ணும் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி முன் உட்காரவைக்கப்பட்ட இளைஞரும் எதிரெதிர் துருவங்கள் அல்லர். தம் உடலின் நிலையைத் தாமே மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை இருவரும் ஒரே விதமாக இழந்திருக்கிறார்கள்.

சுதந்திரம் என்ற சொல் இங்கே மிகையன்று. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வுகள், பதவிப் படிநிலையில் கீழே செல்லச் செல்ல இதய நோய் கூடுவதையும், தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே முடிவு செய்ய இயலாதவர்களுக்கு அந்நோயின் அபாயம் மிகுந்திருப்பதையும் காட்டின. அலுவலகத்தில் யாரால் நினைத்தபோது எழ முடிகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். மேலாளர் கைப்பேசியில் பேசியபடி வராந்தாவில் உலவலாம். கால் சென்டரில் பணிபுரிபவரோ கழிப்பறைக்குச் செல்லும் நிமிடங்களும் கணினியில் பதிவாகும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். 'தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள்' என்று அவருக்குச் சுவரொட்டி வழி அறிவுரை சொல்வது நியாயமன்று.

வேலைக்குள் அசைவுக்கு இடமளிக்க முடியும் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. ஜப்பானில் 1928இல் அஞ்சல் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு தொடங்கிவைத்த வானொலி உடற்பயிற்சி, போர்க்கால அரசின் கைக்கருவியாகிப் போருக்குப் பின் நின்றுபோனாலும், 1951இல் புது வடிவில் மீண்டு, மூன்று நிமிடப் பியானோ இசைக்கேற்பத் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் இன்றும் செய்யப்படுகிறது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் அலுவலகங்களுக்கென ஐந்து நிமிட யோகா இடைவேளையை வகுத்து, 2021இல் அதற்கான செயலியையும் வெளியிட்டது. முயற்சி நல்லது, ஆனால் அதைச் செய்ய ஐந்து நிமிடத்தை யார் தருவது என்பதைச் செயலி தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானித்தது ஐரோப்பிய சமூகத்தின் 1990ஆம் ஆண்டு நெறியாணை: திரை முன் வேலை செய்வோரின் அன்றாடப் பணி, இடைவேளைகளாலோ வேறு வகை வேலைகளாலோ அவ்வப்போது இடைமறிக்கப்படும்படி திட்டமிடும் கடமையை அது முதலாளியின் மேல் வைத்தது.

இந்தியாவின் நிலைமை தாமதத்துக்கு இடந்தருவதாக இல்லை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த முந்திய நிலையிலிருந்து நீரிழிவுக்குச் செல்வதைத் தடுக்க முடியும் என்பதை இந்தியர்களிடம் நிறுவிக் காட்டியது சென்னையிலேயே. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், சேவை நிறுவனங்களில் பணியாற்றிய நடுத்தர வகுப்பினரும் அவர்தம் குடும்பத்தாரும் பங்கேற்றனர். உணவு மாற்றமும் அன்றாட நடையும் சேர்ந்து, மூன்றாண்டுகளில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன.

ஆகவே இவ்வுரையின் வேண்டுகோள் ஊழியரை நோக்கியதாக மட்டும் இருக்க முடியாது. புதிய கட்டடங்களில் லிஃப்ட்டைத் தேடிச் செல்லுமுன் மாடிப்படி கண்ணில் படட்டும். அது வெளிச்சமும் காற்றும் உடையதாகவும், தீ விபத்து நாளுக்கென்று பூட்டப்படாததாகவும் இருக்கட்டும். தண்ணீரும் அச்சுப்பொறியும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியதில்லை. இருவர் பேசித் தீர்க்கும் செய்திக்குக் கூட்ட அறை எதற்கு? நடந்தே பேசலாம். இவையெல்லாம் செலவின்றி இயல்பவை. இவற்றுக்கு மேலாக, இருக்கையைச் சட்டமாக்கிய மாநிலத்தில், இருக்கையை விட்டு எழுவதற்கான நேரமும் எழுத்தில் இடம்பெற வேண்டும்: மணிக்கு ஐந்து நிமிட இடைவேளை, இலக்கிலிருந்தோ ஊதியத்திலிருந்தோ பிடிக்கப்படாத வேலை நேரமாகப் பணி விதிகளில் சேர்க்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதைக் கேட்கட்டும். சங்கம் இல்லாத இடங்களில் மனிதவளத் துறையினர் கேட்கப்படுவதற்கு முன்பே தரட்டும்.